கொச்சி வன டிராம்வே

கொச்சி வன டிராம்வே என்பது மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள பரம்பிக்குளம் காடுகளைச் சமவெளியிலுள்ள சாலக்குடியுடன் இணைத்த மீட்டர் கேஜ் இருப்புப்பாதை. கொச்சி சமஸ்தானம் அமைத்த இப்பாதை 1907 முதல் 1963 வரை இயங்கியது. நீளம் 49.5 மைல், அதாவது ஏறத்தாழ 80 கி.மீ. தேக்கையும் ஈட்டியையும் மலையிலிருந்து இறக்குவதே இதன் வேலை. மேல்முனையான பரம்பிக்குளம் இன்று பாலக்காடு மாவட்டம், சித்தூர் வட்டம், முதலமடை ஊராட்சிக்கு உட்பட்டது. கீழ்முனையான சாலக்குடி திருச்சூர் மாவட்டத்தில் உள்ளது.

வகை

மதராஸ் தெருக்களில் 1895 முதல் 1953 வரை ஓடிய டிராமுக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்நாளில் பயணிகளுக்கான முழுமையான ரயில்வேக்குரிய சட்டதிட்டங்கள் இல்லாமல், ஒரு துறையோ தோட்டமோ தன் சரக்குக்காக இட்டுக்கொண்ட பாதையும் டிராம்வே என்றே அழைக்கப்பட்டது. இதை நடத்தியது வனத்துறை.

இம்மலைத்தொடரில் அக்காலத்தில் எழுந்த பாதைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். மலையைக் குடைந்து கடந்த பொதுப் பயணிகள் பாதை முதல் வகை. 1904இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–கொல்லம் பாதை அதற்கு எடுத்துக்காட்டு. தேயிலைத் தோட்டக்காரர்கள் தமக்காக இட்டுக்கொண்டவை இரண்டாம் வகை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை சென்ற குண்டளா பள்ளத்தாக்கு ரயில்வே அப்படிப்பட்டது. அது 1902இல் ஒற்றைத் தண்டவாளத்தில் மாடுகள் இழுக்கும் பாதையாகத் தொடங்கி, 1908இல் இரண்டடி அகல ரயில்பாதையாக மாறி, 1924 வெள்ளத்தில் அழிந்தது. காட்டு வருவாய்க்காக ஓர் அரசே இட்ட பாதை மூன்றாம் வகை. கொச்சி டிராம்வே இம்மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

பின்னணி

கொச்சி சிறிய அரசு. திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் மலபாருக்கும் நடுவே சிக்கிக் கிடந்த அதன் நிலப்பரப்பில் பெரும் வருவாய் தரக்கூடியவற்றில் காடும் ஒன்று. அந்தக் காட்டிலும் மிகச் செழித்த பகுதி, கைக்கு எட்டாத உயரத்தில், பரம்பிக்குளம் படுகையில் இருந்தது. அங்கே வெட்டிய மரத்தைச் சந்தைக்குக் கொண்டுவர வழியில்லை.

மரத்தை ஆற்றில் மிதக்கவிடுவது கேரளத்தின் பழைய முறை. நிலம்பூர்த் தேக்கு சாலியாற்றில் மிதந்து கல்லாயிக்குப் போனது. பரம்பிக்குளத்து நீரெல்லாம் அப்போது சாலக்குடி ஆற்றில்தான் சேர்ந்தது என்றாலும், இடையில் பாறைச் சரிவுகளும், வாழச்சால், ஏறக்குறைய 80 அடி உயரத்திலிருந்து விழும் அதிரப்பள்ளி ஆகிய அருவிகளும் குறுக்கிட்டன. அந்த வழியே விடப்படும் மரம் முழுதாகக் கீழே வந்து சேராது. யானையைக் கொண்டு இழுத்து வருவதென்றால் தூரமும் செலவும் இடம் தரவில்லை.

இதே காட்டின் கிழக்குச் சரிவு பிரிட்டிஷாரிடம் இருந்தது. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் கட்டும் தளத்துக்குப் போனது. மலை விளிம்பிலிருந்து கட்டைகளைச் சரித்து உருட்டிவிட்ட இடம் டாப்ஸ்லிப் என்று பெயர் பெற்றது.  ஒரே காட்டில் பிரிட்டிஷார் மரத்தைக் கிழக்கே தள்ளிவிட்டுக்கொண்டிருக்க, கொச்சி மேற்கே வழி தேட வேண்டியிருந்தது. கிழக்குப் பக்கம் இறக்கினால் மரம் இன்னோர் அரசின் எல்லைக்குள் போய்ச் சேரும். சுங்கமும் சந்தையும் கொச்சியின் கையில் இருக்காது.

1902இல் ஷோரனூரிலிருந்து எர்ணாகுளம் வரை கொச்சி அரசின் ரயில்பாதை திறக்கப்பட்டதும் நிலைமை மாறியது. மன்னர் ராமவர்மா காலத்தில் அமைந்த பாதை அது. செலவை ஈடுகட்டத் திருப்பூணித்துறை பூர்ணத்ரயீச கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை அவர் விற்றார் என்பது கொச்சியில் இன்றும் பெருமையுடன் சொல்லப்படும் செய்தி. இந்த மன்னர் 1914இல் அரியணையைத் தாமே துறந்தார். ஷோரனூர்–எர்ணாகுளம் பாதை சாலக்குடி வழியே சென்றது. ஆகவே காட்டுமரத்தை சாலக்குடி வரை கொண்டுவந்துவிட்டால் போதும். அங்கிருந்து வடக்கே ஷோரனூரில் மதராஸ் ரயில்வேயும் தெற்கே எர்ணாகுளத்தில் காயலும் கடலும் காத்திருந்தன. டிராம்வே பிறந்ததற்கு மூலகாரணம் இந்த ரயில்பாதையே.

அமைப்பு

இத்திட்டத்தின் கர்த்தா கொச்சியின் வனக் காப்பாளராக இருந்த வி. ஆழ்வார் செட்டி. ஜெர்மானியர் கட்டிய பாதை என்று கேரளத்தில் பரவலாகச் சொல்வதுண்டு. தளவாடங்கள் பெர்லினின் ஓரன்ஸ்டீன் அண்டு கோப்பல் நிறுவனத்திடமிருந்து வந்தன, ஜெர்மன் பொறியியல் உதவியும் இருந்தது என்ற அளவில் அது சரி. தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் இலகுரக ரயில் அமைத்துத் தருவதில் அந்நிறுவனம் அக்காலத்தில் உலகெங்கும் பேர்போனது. எனினும் எந்தக் காட்டில், எந்த முனையிலிருந்து எந்த முனைக்கு, எதற்காக என்று முடிவு செய்தது கொச்சியின் வனத்துறை.

பாதையின் இயல்பு ஒரே சீராக இல்லை. சாலக்குடியிலிருந்து வெள்ளிக்குளங்கரை வழியாக ஆனப்பந்தம் பக்கம் வரை தாழ்நிலம். அங்கே நீராவி எஞ்சின் எளிதாக ஓடியது. மேலே ஒருகொம்பன், குரியார்குட்டி, பரம்பிக்குளம், சின்னாறு என்று ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய மலைப்பகுதியிலும் எஞ்சின் ஓடலாம். இடையில் நின்ற செங்குத்தான மலைமுகம்தான் சிக்கல். எந்த எஞ்சினும் அதில் ஏறாது. சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டுமானால் நீலகிரி மலை ரயிலைப் போலப் பல்சக்கரமோ, ஏராளமான சுரங்கங்களோ வேண்டும். கொச்சியின் கஜானாவுக்கு அது கட்டுப்படியாகாது.

இதற்குக் கண்ட தீர்வு சரிவுப் பாதை. சரிவின் உச்சியில் பெரிய உருளை ஒன்று, அதைச் சுற்றி இரும்புக் கம்பிவடம். வடத்தின் ஒரு முனையில் மரம் ஏற்றிய வண்டிகள், மறுமுனையில் கீழே நிற்கும் வெற்று வண்டிகள். பாரவண்டி தன் எடையாலேயே இறங்க, அந்த இழுப்பில் வெற்று வண்டி மேலே ஏறும். உருளையில் பொருத்திய தடையைக் கையாண்டு வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டியதுபோல என்று கொள்ளலாம். நிலக்கரியோ விறகோ இப்பகுதிக்குத் தேவையில்லை. மரத்தின் பாரமே எரிபொருள். சரக்கு எப்போதும் மேலிருந்து கீழே மட்டுமே போகும் என்பதால்தான் இம்முறை செல்லுபடியானது. எதிர்த்திசையில் அரிசி, உப்பு, ஆட்கள் என ஏறியதெல்லாம் இறங்கும் மரத்தின் தயவில்தான்.

இதன் மறுபக்கமும் உண்டு. ஒரு சரிவைக் கடக்க ரயிலைப் பிரிக்க வேண்டும். வண்டிகளைச் சிறுசிறு தொகுதியாக இறக்கி, கீழே மீண்டும் கோக்க வேண்டும். அடுத்த எஞ்சின் அங்கே தயாராக நிற்க வேண்டும். ஒரு சரிவில் தாமதமானால் முழுப் பாதையும் நின்றுவிடும். மழைக்காலத்தில் மண் சரியும், வடம் தேயும், ஆனை தடம் மறிக்கும். பராமரிப்புச் செலவு வருவாயைத் தின்றுகொண்டே இருந்தது.

சாலக்குடி முனையம்

பாதையின் தலைமையகம் சாலக்குடி. மரக்கிடங்கு, எஞ்சின் கொட்டகை, பழுது பார்க்கும் பணிமனை எல்லாம் இங்கே அமைந்தன. மலையில் கோடாலி படுவதும் சாலக்குடியில் விலை படிவதும் ஒரே நிர்வாகத்தின் கீழ் நடந்தன. கட்டைகளில் முத்திரை அடித்து, அளந்து, தரம் பிரித்து ரயிலேற்றினார்கள். ஒரு சிற்றூர் தொழில் நகரமாக உருவெடுத்ததில் டிராம்வேயின் பங்கு பெரிது.

தொடக்கத்தில் டிராம்வேயும் ஷோரனூர்–எர்ணாகுளம் பாதையும் ஒரே மீட்டர் கேஜில் இருந்தன. 1930களின் நடுவில் பெரிய பாதை அகலப்படுத்தப்பட்டதும் அந்த உறவு அறுந்தது. கொச்சித் துறைமுகம் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோவின் கையில் விரிவடைந்து, வெலிங்டன் தீவு காயலிலிருந்து எழுந்து, பெருவண்டிகள் ஓடத் தொடங்கிய காலம் அது. மலைக்காட்டு டிராம்வே தன் பழைய அகலத்திலேயே நின்றுவிட்டது.

குரியார்குட்டி

பாதையின் வழியிலிருந்த காட்டு நிலையங்களில் உலகம் அறிந்தது குரியார்குட்டி. திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் ஆதரவில் 1933இல் பறவைக் கணக்கெடுப்பு நடத்திய சாலிம் அலி இங்கே முகாமிட்டார். இந்த ஆய்வு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் கட்டுரைத் தொடராகவும் பின்னர் நூலாகவும் வந்து, கேரளப் பறவையியலின் அடித்தளமானது. ஓர் ஆய்வாளர் பெட்டி படுக்கையுடன் அடர்காட்டின் நடுவே போய் இறங்க முடிந்தது டிராம்வே இருந்ததால்தான். மரம் வெட்டப் போட்ட பாதை பறவை பார்க்கவும் பயன்பட்டது.

காடர், மலசர், மலைமலசர், முதுவர் ஆகியோர் இக்காட்டின் குடிகள். பாதை வந்த பின் காட்டு வேலையிலும் கூலி வேலையிலும் அவர்களும் ஈடுபட்டனர்.

மூடல்

இயற்கைத் தேக்கு எடுக்க எடுக்கக் குறைந்தது. வெட்டிய இடங்களில் வனத்துறை தேக்குத் தோட்டம் வைத்தது என்றாலும் அது விளைய ஒரு தலைமுறைக்கு மேல் ஆகும். சாலையும் லாரியும் பெருகின. நேரே வெட்டுமிடத்துக்கே போய் மரம் ஏற்றும் லாரிக்கு முன்னால், பிரித்துக் கோத்து இறக்கும் சரிவுப்பாதை நிற்க முடியவில்லை. 1949இல் கொச்சி திருவிதாங்கூருடன் இணைந்தது. 1956இல் கேரளம் பிறந்தது. பாதையைத் தன் பெருமையாகக் கருதிய அரசு மறைந்தபின் நட்டத்தில் ஓடும் ஒரு துறைச் சொத்தாகவே அது எண்ணப்பட்டது. 1963இல் பாதை மூடப்பட்டது. தண்டவாளமும் எஞ்சின்களும் பழைய இரும்பாயின.

மேல்முனையில் அதே ஆண்டுகளில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. கேரளமும் தமிழ்நாடும் கூட்டாக எடுத்த பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகப் பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைகள் எழுந்தன. இத்திட்டத்துக்கான ஒப்பந்தம் 1970இல் கையெழுத்தாகி, 1958 நவம்பர் முதல் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்தது. பரம்பிக்குளம் அணையின் கொள்ளளவு 17.82 டி.எம்.சி. பழைய பள்ளத்தாக்கின் மேல் நீர் நின்றது. அணைகள் இருப்பது கேரளத்தில், இயக்குவது தமிழ்நாடு. மேற்கே போய்க்கொண்டிருந்த ஆற்றுநீர் தூணக்கடவு, சர்க்கார்பதி வழியே கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குத் திரும்பியது. அணைக்காகப் போட்ட சாலையும் சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியே கிழக்கிலிருந்துதான் ஏறியது.

டிராம்வே மூடியதால் விளைந்த பெரிய மாற்றம், பரம்பிக்குளத்துக்குப் போகும் வழியே திசை மாறியதுதான். ஐம்பத்தாறு ஆண்டுகள் பரம்பிக்குளத்தின் வாசல் மேற்கே இருந்தது. பிறகு அது கிழக்கே மாறிவிட்டது. சாலக்குடிக்கு வண்டியேறிப் போன இடத்திலிருந்து இன்று கேரளத்தின் வேறெந்த ஊருக்கும் வண்டியில் போகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கியாக வேண்டும். முதலமடையில் 1932 முதலே பொள்ளாச்சி–பாலக்காடு பாதையின் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் அதே ஊராட்சியின் பரம்பிக்குளத்து மக்கள் ஊராட்சி அலுவலகத்துக்கு வரவே ஆனைமலை வட்டத்தைச் சுற்ற வேண்டியுள்ளது. சுற்றுலாக் கையேடுகளில் இது ஒரு வேடிக்கையாக எழுதப்படுகிறது. ரேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைபவர்களுக்கு அப்படியல்ல. 2020இல் இதே பகுதியிலுள்ள தேக்கடிக் குடியிருப்பைச் சேர்ந்த பழங்குடியினர், இந்தச் சுற்றைத் தவிர்க்க, கேரள எல்லைக்குள்ளேயே செம்மணாம்பதிக்குத் தாங்களே காட்டுவழி வெட்டத் தொடங்கினர்.

தற்போதைய நிலை

பரம்பிக்குளம் 1973இல் வனவிலங்குச் சரணாலயமாகவும், 2010இல் புலிகள் காப்பகமாகவும் ஆனது. தூணக்கடவுக்கு அருகில் கோடாலிக்குத் தப்பி நிற்கும் கன்னிமாரா தேக்கின் சுற்றளவு ஏறக்குறைய 7 மீட்டர். டிராம்வேயின் பாலத் தூண்களும் கரைகளும் காட்டுக்குள் சில இடங்களில் எஞ்சியுள்ளன. மீண்டும் பாதையை அமைக்கும் திட்டம் எதுவும் செயலுக்கு வரவில்லை.