ஒரே கோப்பா, இணைப்புக்கு ஒரு டிஎன்எஸ்ஸா?

விபிஎன் இணைந்துவிட்டது, வெளியே தெரியும் ஐபி முகவரியும் மாறிவிட்டது. ஆனாலும் நாம் எந்தெந்தத் தளங்களைத் தேடினோம் என்பது பழையபடி இணையச் சேவை நிறுவனத்துக்கே போய்க்கொண்டிருக்கலாம். இந்த டிஎன்எஸ் கசிவை அடைக்க லினக்ஸில் இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன.

பழைய வழி, டிஎன்எஸ் சர்வர்களைப் பட்டியலிடும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பைத் திருத்தி எழுதுவது. திறந்து பார்த்தால் எல்லாம் கண்ணெதிரே தெரியும். அதுவே இதன் பெரிய பலம். ஆனால் ஓப்பன்விபிஎன் சர்வர் அனுப்பும் டிஎன்எஸ் முகவரியை லினக்ஸ் கிளையன்ட் நெடுங்காலம் தானாக எழுதிக்கொண்டதில்லை. அதற்கான ஸ்கிரிப்டை நாம்தான் சேர்க்க வேண்டியிருந்தது. எழுதிய பிறகும், வைஃபை மாறினால் டிஹெச்சிபி கிளையன்ட் அதே கோப்பில் கைவைத்துவிடக்கூடும். இன்னொன்று: அந்தக் கோப்பைப் படிக்கும் ஜிலிப்சி நூலகம் முதல் 3 சர்வர்களை வரிசையாகக் கேட்கும். விபிஎன்னின் சர்வர் 5 விநாடிக்குள் பதில் தராவிட்டால் அடுத்ததற்குத் தாவும். அந்த அடுத்தது வீட்டு ரவுட்டர் என்றால், உள்ளூர் முகவரி என்பதால் கேள்வி விபிஎன் டனலுக்குள் நுழையாமலே வெளியேறும்.

இரண்டாவது வழி, 2020இல் ஃபெடோரா 33-உம் அதற்கு முன்பே உபுண்டுவும் இயல்பாக ஏற்றுக்கொண்ட சிஸ்டம்டி-ரிசால்வ்ட். இங்கே கோப்பில் 127.0.0.53 மட்டும் இருக்கும். உண்மையான சர்வர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனி. அலுவலகப் பெயர்களை மட்டும் டனல் வழியே கேட்கலாம்; பழைய கோப்பு முறைக்கு இது எட்டாது. சிக்கல் வேறிடத்தில். எல்லாப் பெயர்களையும் குறிக்கும் "~." என்ற டொமைனை டனலுக்குக் கொடுக்காவிட்டால், கேள்வி வைஃபைக்கும் டனலுக்கும் ஒரே நேரத்தில் போகலாம்; முந்தி வரும் பதில் ஏற்கப்படும். டனலின் பதிலே முந்தினாலும் பயனில்லை, பெயர் வெளியே போய்விட்டது. எதுவும் பழுதாகாமலே கசியும் இதைத்தான் நான் அதிக ஆபத்தாகக் கருதுகிறேன். வயர்கார்டின் டபிள்யூஜி-குயிக், கட்டமைப்பில் டிஎன்எஸ் வரி இருந்தால் "~." குறியைத் தானே போட்டுவிடும். நெட்வொர்க்மேனேஜரில் டிஎன்எஸ் முன்னுரிமைக்கு எதிர்ம எண் கொடுக்க வேண்டும்.

நெட்வொர்க் மாறாத சர்வருக்குக் கோப்பு முறையே போதும். லேப்டாப்புக்கு, "~." சரியாக இருக்கும்வரை, ரிசால்வ்ட்தான் என் தேர்வு. ஆனால் இரண்டுமே வழிகாட்டுமே தவிரத் தடுக்காது. டனலும் லூப்பேக்கும் தவிர மற்ற வழிகளில் 53ஆம் போர்ட்டை என்எஃப்டேபிள்ஸில் அடைத்துவிட்டு, வைஃபை இன்டர்ஃபேஸில் அதே போர்ட்டை மட்டும் கவனிக்கும்படி டிசிபிடம்ப்பை ஓடவிட்டுப் பாருங்கள்: நாலு தளம் திறந்தும் ஒரு வரிகூட வரக்கூடாது. அடைக்கும் முன், கட்டமைப்பில் விபிஎன் சர்வரைப் பெயருக்குப் பதில் ஐபி எண்ணாக எழுதிவிடுங்கள்; இல்லாவிட்டால் இணைவதற்கே வழி இருக்காது.