ஒரு போலிப் பத்திரமும் ஒரு லத்தீன் வாத்தியாரும்

இந்த எபிசோட்ல ஒரு பொய்ச் செய்தியைப் பத்திப் பேசப்போறேன். வாட்ஸ்அப்ல வந்தது இல்ல. ஏறக்குறைய 1,250 வருஷத்துக்கு முன்னாடி, 8ஆம் நூற்றாண்டில், லத்தீன் மொழியில் எழுதின ஒரு பத்திரம். அதைப் போலின்னு மொழியை வெச்சே நிரூபிச்சவர் ஒரு மொழி வாத்தியார். பொய்ச் செய்தியைக் கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்க கம்ப்யூட்டர் வகுப்பைவிட மொழி வகுப்புதான் சரியான இடம்னு நான் நினைக்கிறதுக்கு இந்தக் கதைதான் காரணம்.

பத்திரத்துக்கு 'கான்ஸ்டன்டைனின் நன்கொடை'ன்னு பேரு. அது சொல்ற கதை இது: ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனுக்குத் தொழுநோய். போப் முதலாம் சில்வெஸ்டர் அவருக்கு ஞானஸ்நானம் கொடுக்க, நோய் குணமாகிறது. நன்றிக்கடனாகப் பேரரசர் ரோம் நகரம், இத்தாலி, மேற்கத்திய மாகாணங்கள் எல்லாவற்றையும் போப்புக்கே எழுதிவைக்கிறார். இதெல்லாம் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்ததாம்.

இது சும்மா பெட்டிக்குள்ள கிடந்த காகிதம் இல்ல. 11ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டிநோபிள் திருச்சபையோட தகராறு வந்தப்போ, போப் ஒன்பதாம் லியோ இதைத்தான் ஆதாரமாகக் காட்டினார். பிறகு திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும் இது சேர்ந்தது. கவிஞர் தாந்தேவுக்கு இந்த நன்கொடைமேல் கோபம், திருச்சபையைக் கெடுத்ததே இந்தச் சொத்துதான் என்று. ஆனா நன்கொடை நடந்ததுங்கிறதை அவரும் சந்தேகப்படல. கவனிங்க, ஒரு செய்தி நமக்குப் பிடிக்காததால மட்டும் அதைச் சோதிச்சுப் பார்த்துட்டோம்னு ஆகிடாது.

1440இல் லொரென்சோ வல்லா வருகிறார். பவியா பல்கலைக்கழகத்தில் சொற்கலை கற்பித்தவர். நல்ல லத்தீன் எழுதுவது எப்படி என்று அவர் எழுதிய நூல் பின்னாளில் ஐரோப்பா முழுக்கப் பாடநூலாகப் பரவியது. அவர் பத்திரத்தை வார்த்தை வார்த்தையாகப் படித்தார்.

முதல்ல 'சத்ராப்'ங்கிற சொல்லில் மாட்டியது. பேரரசர் தன் சத்ராப்களோடு கலந்து முடிவெடுத்ததாகப் பத்திரம் சொல்கிறது. சத்ராப் என்பது பாரசீக ஆளுநர்களின் பதவிப் பெயர். ரோமில் அவர்களுக்கு என்ன வேலை? நமக்குப் புரியுற மாதிரி சொல்லணும்னா, ராஜராஜ சோழன் எழுதினதா ஒரு ஓலை கிடைக்குது, அதுல 'தாசில்தார்'னு ஒரு வார்த்தை இருக்கு. மேற்கொண்டு படிக்கணுமா?

அடுத்தது கான்ஸ்டான்டிநோபிள். அதைத் திருச்சபையின் தலைமை இடங்களில் ஒன்றாகப் பத்திரம் குறிப்பிடுகிறது. பத்திரம் சொல்ற காலத்துல அந்தப் பேர்ல ஒரு நகரமே கிடையாது. அது திறந்துவைக்கப்பட்டதே 330இல்தான். மூணாவது 'டயடம்'. தங்கத்தால் செய்த மகுடம் என்கிறது பத்திரம். பழங்காலத்தில் அந்தச் சொல் குறித்தது தலையில் கட்டும் துணிப்பட்டையை.

வல்லா அதோடு நிற்கவில்லை, பத்திரத்தை விட்டு வெளியேயும் வந்தார். பாதிப் பேரரசு கைமாறியிருந்தால் அந்தக் கால வரலாற்றாசிரியர்கள் ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை? சில்வெஸ்டர் பெயரில் நாணயம் எங்கே?

இன்னொண்ணையும் நான் மறைக்கக் கூடாது. வல்லாவுக்குச் சம்பளம் கொடுத்தவர் அரகான் மன்னர் அல்ஃபோன்சோ. நேப்பிள்ஸ் அரியணைக்காக அவர் போரிட்ட நேரம் அது. போப் நான்காம் யூஜின் எதிரணியில் இருந்தார். அதாவது, பத்திரம் போலின்னு ஆனா வல்லாவோட முதலாளிக்கு லாபம். அப்போ வல்லாவை நம்பலாமா? நம்பவே வேண்டாம். லத்தீன் தெரிஞ்ச யாரும், அவரோட எதிரியும்கூட, சத்ராப்னா என்னன்னு தேடிப் பார்க்கலாம். சொன்னவர் யாருங்கிறது சந்தேகத்தைக் கிளப்பும், ஆனா தீர்ப்பு சொல்லாது.

போலி உடனே செத்துப்போகவும் இல்லை. வல்லாவின் நூல் அச்சில் பரவவே 16ஆம் நூற்றாண்டு ஆகிவிட்டது. மார்ட்டின் லூதர் அதைப் படித்தது 1520இல். வேடிக்கை என்னன்னா, 1448இல் போப் ஐந்தாம் நிக்கோலஸ் வல்லாவுக்கே ரோமில் வேலை கொடுத்தார்.

இப்போ நம்ம போனுக்கு வருவோம். எழுத்துப்பிழை இருந்தா போலின்னு பல இடத்துல சொல்லிக்கொடுக்கிறாங்க. அது இனி உதவாது. பிழையில்லாத தமிழ்ல பொய் எழுத மெஷினே இருக்கு. உண்மையைப் பிழையோட எழுதுற மனுஷங்களும் இருக்காங்க. அதனால மொழி மாணவர்கள்கிட்ட நான் கேட்கச் சொல்றது வல்லாவோட கேள்விகளைத்தான்: இந்தச் சொல் எந்தக் காலத்துது? இந்தப் பதவியில இருக்கிறவர் இப்படித்தான் எழுதுவாரா? இது உண்மைன்னா வேற எங்கே தடயம் இருக்கணும்?

'நம்ம தேசிய கீதம்தான் உலகத்துலயே சிறந்ததுன்னு யுனெஸ்கோ அறிவிச்சிருக்கு'ன்னு ஒரு ஃபார்வர்டு பல வருஷமா சுத்துது. அதுல வார்த்தைகள் ஒழுங்காத்தான் இருக்கும். மூணாவது கேள்வியிலதான் அது விழும்: அப்படி ஒரு அறிவிப்பு யுனெஸ்கோகிட்டயே இல்ல.

அடுத்த முறை குடும்பக் குரூப்புல ஏதாவது வந்தா, 'பொய்'னு சண்டைக்குப் போகாதீங்க. இதுல 'தாசில்தார்' எங்கே ஒளிஞ்சிருக்கார்னு சேர்ந்து தேடுங்க. கிடைச்சா எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.