மாசமா இருக்கேன்னு ஆபீஸ்ல எப்போ சொல்றது? – ஒரு சின்ன சரித்திரம்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு மக்களே. டிசர்டேஷன், பார்ட் டைம் வேலை, லண்டன் குளிர்னு சாக்கு நிறைய இருக்கு. இன்னிக்கு எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் எங்க வீட்டு அக்கா.

அக்காவுக்கு யாழ்ப்பாணம். ஹாரோவில் அவங்க வீட்டு மாடி ரூம்லதான் நான் வாடகைக்கு இருக்கேன். மூணு மாசம் முன்னாடி ஒரு ஆபீஸ்ல கிளார்க்கா சேர்ந்தாங்க. பிரசவ லீவுல போன ஒருத்தருக்குப் பதிலா, ஒரு வருஷ கான்ட்ராக்ட். போன வாரம் கிச்சன்ல மெதுவா ஆரம்பிச்சாங்க.

"எனக்குப் பிள்ளை தங்கியிருக்கு, தங்கச்சி. மனேஜரிட்ட எப்ப சொல்லுறது எண்டு தெரியேல்லை. சொன்னா வேலை போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு. நீ சரித்திரம்தானே படிக்கிறாய், உன்ர புத்தகத்தில ஏதும் இருக்கோ எண்டு பாரன்."

சிரிச்சுட்டேன். ஆனா தேடிப் பார்த்தா, கிட்டத்தட்ட அக்கா கதையே 1987ல இதே நாட்டுல நடந்திருக்கு!

ஈ.எம்.ஓ. ஏர் கார்கோன்னு 16 பேர் வேலை பார்த்த சின்ன கம்பெனி. அங்கே ஒரு கிளார்க் கர்ப்பமாக, அவங்க இடத்தைப் பார்த்துக்க கரோல் வெப் என்ற பெண்ணை எடுத்தாங்க. லீவு முடிஞ்சு அந்தம்மா திரும்பி வந்தாலும் வெப் தொடரலாம்னு பேச்சு. அதாவது நிரந்தர வேலை. ஜூலை 1ஆம் தேதி சேர்ந்தாங்க. ரெண்டு வாரத்துல தானும் மாசமா இருக்கலாம்னு சந்தேகம். விஷயம் சுத்திவளைச்சு முதலாளி காதுக்குப் போச்சு. ஜூலை 30ஆம் தேதி வேலை நீக்கக் கடிதம் வந்துடுச்சு.

பிரிட்டனில் 1975லேயே கர்ப்பத்துக்காக வேலையை விட்டுத் தூக்கக் கூடாதுன்னு சட்டம் வந்தாச்சே, அப்புறம் எப்படின்னு கேட்பீங்க. வெப் கேஸ் நடந்த காலத்துல அந்தப் பாதுகாப்பு ரெண்டு வருஷம் வேலை பார்த்தவங்களுக்குத்தான். வெப் பார்த்தது ஒரே மாசம். மிச்சம் இருந்த ஒரே வழி, அதே 1975ல வந்த பாலினப் பாகுபாட்டுச் சட்டம்.

அதுல ஒரு வேடிக்கையான சிக்கல். பாகுபாடுன்னா, அதே நிலைமையில இருக்கிற ஆணை விட மோசமா நடத்தினாங்கன்னு காட்டணும். கர்ப்பமான ஆணுக்கு எங்கே போறது? டர்லி என்ற பெண் ஆல்டர்ஸ் டிபார்ட்மெண்ட் ஸ்டோர் மேல போட்ட கேஸ்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதையேதான் சொல்லுச்சு. ஒப்பிட ஆணே இல்லை, அதனால பாகுபாடும் இல்லையாம்! மூணு பேர்ல ரெண்டு பேர் அந்தப் பக்கம். மூணாவதா இருந்த பெண் உறுப்பினர் மட்டும், உடம்பு சரியில்லாம லீவு கேட்கிற ஆணோட ஒப்பிடலாமேன்னாங்க. பின்னாடி தீர்ப்பாயங்களும் அந்த வழிக்கு வந்துச்சு. ஆனா கர்ப்பம் என்ன வியாதியா?

வெப் மூணு படியில தோத்தாங்க. நாலாவதா பிரபுக்கள் சபை. 1992ல அவங்க முடிவு எடுக்காம, லக்சம்பர்க்ல இருந்த ஐரோப்பிய நீதிமன்றத்துக்குக் கேள்வி அனுப்பினாங்க.

அங்கே ஏற்கெனவே ஒரு தீர்ப்பு இருந்துச்சு. நெதர்லாந்துல டெக்கர் என்ற பெண் 1981ல வேலைக்கு விண்ணப்பிச்சப்போ, மூணு மாசம்னு நேர்மையா முன்னாடியே சொல்லிட்டாங்க. தேர்வுக் குழுவுக்கு இவங்கதான் முதல் தேர்வு. நிர்வாகம் மறுத்துடுச்சு, காரணம் இன்சூரன்ஸ் செலவு. கர்ப்பம் பெண்ணுக்கு மட்டுமே வரும், அதைக் காட்டி மறுத்தாலே நேரடிப் பாகுபாடு, ஆணோட ஒப்பிட வேண்டியதே இல்லைன்னு 1990ல தீர்ப்பு. 1994 ஜூலை 14ல வெப் வழக்கிலும் கர்ப்பத்தை நோயோட ஒப்பிட முடியாதுன்னு சொல்லிட்டாங்க. 1995ல பிரபுக்கள் சபையும் ஏத்துக்கிச்சு. ஒரு மாச வேலைக்கு எட்டு வருஷம்!

அக்காவுக்கு இன்னொரு கவலை. "என்ர வேலை நிரந்தரம் இல்லையே?" இதுக்கும் பதில் இருக்கு. டென்மார்க்ல 1995ல ஒரு பெண், கர்ப்பம்னு தெரிஞ்சும் சொல்லாம ஆறு மாச கான்ட்ராக்ட்ல சேர்ந்தாங்க. டெலி டான்மார்க் கம்பெனி, ஏன் முன்னாடியே சொல்லலைன்னு நீக்கிடுச்சு. 2001ல அதே நீதிமன்றம், சேரும்போது சொல்லணும்னு கட்டாயமில்லை, கான்ட்ராக்ட் வேலையானாலும் நீக்கக் கூடாதுன்னு முடிச்சுது.

நம்ம ஊர் மட்டும் லேசா? ஏர் இந்தியாவில் பணிப்பெண்ணுக்கு முதல் கர்ப்பத்தோட வேலை போயிடும்னு விதியே இருந்துச்சு. 1981ல சுப்ரீம் கோர்ட் அதை ரத்து பண்ணுச்சு. எல்.ஐ.சி. வேலைக்கான படிவத்துல கடைசி மாதவிலக்கு எப்போன்னு ஒரு கேள்வி! 1991ல நீரா மாத்தூர் வழக்குல அதை எடுக்கச் சொன்னாங்க. நாம சொல்றதுக்கு முன்னாடியே அவங்க கேட்டுட்டாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

இப்போ பிரிட்டனில் 2010 சமத்துவச் சட்டப்படி எந்த ஆணோடயும் ஒப்பிட வேண்டாம். பிரசவ வாரத்துக்கு 15 வாரம் முன்னாடி சொன்னாப் போதும். ஆனா சீக்கிரம் சொல்றதுல லாபம் இருக்கு. செக்கப்புக்கு சம்பளத்தோட நேரம் கிடைக்கும். எழுத்துல கொடுத்தா வேலையில இருக்கிற ஆபத்தை அவங்க கவனிச்சே ஆகணும். 2024 ஏப்ரல்லேர்ந்து, ஆள்குறைப்பு வந்தா பொருத்தமான வேற வேலையை கர்ப்பிணிக்குத்தான் முதல்ல தரணும். அந்த உரிமை அவங்க சொன்ன நாள்லேர்ந்து ஆரம்பம். 1987ல சொன்னதும் வேலை போச்சு. இப்போ சொன்னாதான் சட்டம் துணைக்கு வருது. கான்ட்ராக்ட் தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான், ஆனா கர்ப்பத்தைக் காரணமா வெச்சுப் புதுப்பிக்காம விட்டா அதுவும் பாகுபாடு.

எல்லாம் கேட்டுட்டு அக்கா ராத்திரியே மனேஜருக்கு மெயில் எழுதினாங்க. "மன்னிக்கவும்"னு ஆரம்பிச்சிருந்தாங்க. அந்த ஒரு வார்த்தையை மட்டும் அழிக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரீனையே பார்த்துட்டு அழிச்சாங்க. ஒரு காப்பி எடுத்து வெச்சுட்டோம். பதில் இன்னும் வரலை.

உங்க ஊர்ல, உங்க ஆபீஸ்ல எப்படி? பின்னூட்டத்துல சொல்லுங்க, அக்காவும் படிப்பாங்க :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, சரித்திர மாணவி மட்டுமே!