ரியூஷன் என்னுஞ் சொல்

'துய்' என்னும் வினையடியிலிருந்து பிறந்ததே ரியூஷன் என்றும், கல்வியைத் துய்ப்பித்தலே அதன் தாற்பரியம் என்றும் கொட்டாஞ்சேனைக் கூட்டமொன்றில் அன்பர் ஒருவர் முழங்கக் கேட்டேன். சபையோர் கரகோஷமும் செய்தனர். ஒலி ஒத்திருப்பதொன்றே உறவுக்குப் பிரமாணமாகுமாயின், காகமும் காகிதமும் ஒரு கூட்டிற் பிறந்தவை என்று நாம் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பள்ளிக்கூடத்தில் ஒருமுறை படித்ததை இரண்டாம் முறை படிப்பிப்பதால் ஆங்கிலத்து 'டூ'விலிருந்து வந்தது என்பாரும் உளர். அவருக்கு மறுமொழி வேண்டியதில்லை.

சொல்லின் வேர் இலத்தீனில் உள்ள 'துவேரி' என்னும் வினை. அதற்கு முதற்பொருள் பார்த்தல். அதிலிருந்து கிளைத்த பொருள் காத்தல். 'நான் வரும்வரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ' என்று அயல்வீட்டாரிடம் சொல்லிச் செல்லும் நம் தாய்மாரின் வாக்கிலும் பார்வை காவலாவதைக் காண்பார்க்கு இப்பொருட்பேறு வியப்பளியாது. ஆங்கிலத்திற் புகுந்த பதினைந்தாம் நூற்றாண்டிலும் ரியூஷன் என்பது காவலையே குறித்தது. கற்பித்தல் என்னும் பொருள் பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் அதன்மேல் ஏறிற்று. கட்டணப் பொருளோ அதற்கும் பின்னர் அமெரிக்கர் ஏற்றியது. ஆதலால் வெள்ளவத்தையிலிருந்து அங்கு சென்ற பிள்ளை 'ரியூஷன் கட்டவேண்டும்' என்று எழுதினால், பல்கலைக்கழகத்திற் சேர்ந்தும் இவனுக்குப் பாடம் பிடிபடவில்லையோ என்று தாய் கலங்க நேரும்.

ரியூற்றர் என்னும் சொல்லும் அவ்வாறே. உரோமருடைய தருமத்தில் அவன் தந்தையை இழந்த சிறுவனுக்கு நியமிக்கப்பட்ட பாதுகாவலன். அவன் காவலில் இருந்த சிறுவனே 'பியூப்பில்', இன்று நாம் மாணாக்கன் என்று பெயர்க்கும் சொல். ஒல்லாந்தர் இந்நாட்டில் விட்டுச்சென்ற உரோமன் டச்சுச் சட்டத்திலும் அப்பழைய பொருள் அழியாதிருக்கிறது. யாழ்ப்பாணத்தார் தனியார் கல்வி நிலையத்தை ரியூற்றறி என்பதைக் கேட்டு நகைக்கும் ஆங்கிலம் வல்லார், ஸ்கொத்லாந்துச் சட்டத்தில் அதே சொல் பாதுகாவலனின் அதிகாரத்துக்குப் பெயராக நின்றதை அறிந்திலர் போலும்.

முதலெழுத்தைப் பற்றியும் ஒரு பூசல் உண்டு. தமிழகத்தார் 'டியூஷன்' என எழுத, நாம் 'ரியூஷன்' என எழுதி, நம்முடையதே மரபென்று பெருமை கொள்கிறோம். தொல்காப்பியர் டகரத்தையும் மொழிமுதலில் விடவில்லை, ரகரத்தையும் விடவில்லை. குற்றம் இருபாலார்க்கும் பொது.

பேலியகொடையில் என் சிங்கள அயலவர் வகுப்பைப் 'பந்திய' என்பர். நாம் உண்ண அமரும் பந்தியும், அவர்கள் கற்க அமரும் பந்தியும் வரிசை என்னும் பொருளுடைய 'பங்க்தி' என்ற வடசொல்லின் வழிவந்தவை. 1875இல் இவ்வூரிலே இரத்மலானை தர்மாலோக தேரர் தொடக்கிய வித்தியாலங்காரப் பிரிவெனாவின் பெயரும் ஆராயத்தக்கது: பாளியில் 'பரிவேண' என்பது துறவியரின் உறைவிடம், உறைவிடத்துக்கு ஆன பெயர் நாளடைவிற் பாடசாலையைக் குறிக்கலாயிற்று. 1927இல் அங்கே சமஸ்கிருதம் கற்பிக்க வந்த இராகுல சாங்கிருத்தியாயனர் தாம் பாளி நூல்களைக் கற்றதும் அங்கேயே.

இனி 'ரியூட்' என்பதொன்று. வகுப்பிலே கையிற் கொடுக்கப்படும், மூலையிற் பின் அடித்த நாலைந்து அச்சுத்தாளுக்கு இப்பெயர். 'சேர் இண்டைக்கு ரியூட் தரேல்லை' என்று பேருந்தில் ஒரு சிறுமி முறையிடக் கேட்டபோது, உரோமாபுரியின் பாதுகாவலன் தேய்ந்து தேய்ந்து எந்த அளவுக்கு வந்துவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.

காசுக்குக் கல்வி விற்பது அந்நிய வழக்கு என்றும், அதனால் இச்சொல்லுக்குத் தமிழிற் பொருத்தமான பெயரே அமையாது என்றும் வாதிப்போர் நன்னூற் பொதுப்பாயிரத்தைப் புரட்டிப் பார்க்கட்டும். நூல் உரைத்தற்குரியோரை வகுக்கும் பவணந்தியார் தம் மகன், ஆசான் மகன், மன்னன் மகன் என்போரோடு நிரம்பப் பொருள் கொடுப்பவனையும் ஒருங்கு வைக்கிறார். புறநானூற்றின் 183ஆம் பாட்டில் ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன் மிக்க பொருள் கொடுத்தேனும் கற்க என்கிறான். பாண்டியனும் பவணந்தியாரும் அந்நியரானால் நாமெல்லாரும் யார்?

'தனிப்பாடம்' என்பார் மொழிபெயர்ப்பு இருநூறு பேர் நெருங்கி அமரும் மண்டபத்தைப் பார்த்தவுடன் பொய்த்துப்போகும். 'மேலதிக வகுப்பு' அலுவலகச் சுற்றுநிருபத்துக்கே ஏற்றது. எனது துணிபு 'கையடை' என்பது. கையடையாவது காக்கும்படி ஒருவரிடம் ஒப்புவித்தல். தசரதன் இராமனை விசுவாமித்திரரிடம் ஒப்புவிக்கும் பகுதிக்குக் கையடைப் படலம் என்றே கம்பராமாயணத்திற் பெயர் வழங்குகிறது. அங்ஙனம் ஒப்புவிக்கப்பட்ட பிள்ளைகளைச் சுடுபாலை வருத்தியபோது முனிவர் செய்தது யாது? இரண்டு விஞ்சைகளை உபதேசித்தார், வெம்மை தணிந்தது. காத்ததும் கற்பித்ததும் அங்கே ஒரே செயல். இலத்தீன வேர் உட்கொண்ட இரு பொருளையும் ஒருங்கே தாங்க வல்ல சொல் நம்மிடம் இதுவன்றி வேறில்லை என்றே கொள்கிறேன். சான்று போதாதென்பார் இதனினும் தக்க ஒரு சொல்லைக் காட்டுவாராக.