பின்னச்சின் பல்லெண்ணிக்கை

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலே, படுவான்கரை என வழங்கும் வயல்நிலப் பரப்பில் உள்ளது மண்டூர். சின்னக் கதிர்காமம் எனப் போற்றப்படும் அவ்வூர் முருகன் ஆலயத்தின் திருவிழாவுக்கு அடியவர்கள் ஒரு காலத்தில் தோணியிலும் மாட்டுவண்டியிலுமே சென்றனர். அந்த வண்டியின் அச்சைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். அச்சு சுழல்வதில்லை. கடையாணியிட்ட இரு சில்லுகளும் அதன்மேல் தத்தம் போக்கிலே சுழலும். வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு கூடிய தூரமும் உட்புறச் சில்லு குறைந்த தூரமும் ஓடும். வண்டியை இழுப்பவை எருதுகளாதலால் இதனால் இடர் ஒன்றுமில்லை.

மோட்டார் வண்டியின் நிலை வேறு. அதிலே உந்துவது சில்லே. இரு பின்சில்லுகளையும் ஒரே தண்டிற் பூட்டிச் சுழற்றினால், வளைவு தோறும் ஒரு சில்லு நிலத்தில் உரசி இழுபடும். இரண்டும் வலுவைப் பெற வேண்டும். ஆனால் இரண்டும் வெவ்வேறு வேகத்தில் ஓடவும் வேண்டும். இந்தப் புதிருக்கு விடையாக அமைந்ததே டிபரன்சியல் எனும் பற்சில்லுக் கூட்டம். பிரான்சு நாட்டு மணிக்கூட்டுக் கம்மியரான பெக்கர் என்பவர் 1820களின் இறுதியில், நீராவி வண்டியொன்றுக்காக இதனை அமைத்தார். 1877இல் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஸ்டார்லி முச்சில்லு மிதிவண்டியில் இதனைப் பொருத்தினார். பெற்றோல் வண்டி தோன்றுமுன்பே அதன் பின்னச்சு தோன்றிவிட்டது என்பது வியப்புக்குரியதே.

இக்கருவிக்கு ஒரு குறையும் உண்டு. அது இரு சில்லுகளுக்கும் சமமான விசையையே பகிர்ந்தளிக்கும். மாரிகாலத்தில் வயலோரச் சேற்றில் ஒரு சில்லு புதைந்தால், அது வெறுமனே சுழலும். உலர்ந்த நிலத்தில் நிற்கும் மறுசில்லோ அசையாது நிற்கும். பெர்கூசன் உழவு இயந்திரத்தில் இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் தனித்தனித் தடைமிதிகளை வைத்தது இதற்கு நல்ல மாற்று. சுழலும் சில்லைத் தடுத்தால் வலு மறுசில்லுக்குச் செல்லும். கார்களில் இவ்வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிபரன்சியலை அமெரிக்கப் பக்கார்ட் நிறுவனம் 1956ஆம் ஆண்டு வண்டிகளில் அளித்தது.

பழைய கார் ஒன்றின் பின்னச்சில் எவ்வகைப் பற்சில்லு உள்ளது எனக் காண்பது இலங்கையில் வெறும் ஆர்வத்துக்குரிய செய்தியன்று. 1952இல் ஒஸ்டின், மொறிஸ் நிறுவனங்கள் ஒன்றிணைந்து பிரித்தானிய மோட்டார் கூட்டுத்தாபனம் பிறந்தது. அதன்பின் மொறிஸ் மைனர், ஒஸ்டின் ஏ35, ஸ்பிரைட் ஆகியவற்றின் டிபரன்சியல்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் குடும்பமாயின. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை இந்நிலை பெரிதும் நீடித்தது. ஒரு வண்டி ஓய்ந்தால் அதன் உறுப்புகள் மற்றொன்றை ஓட்டின. கராச்சுகளின் கைத்திறனுக்கு இது பெருமை. ஆனால் பதிவுப் புத்தகம் கூறும் வண்டியும் அடியிலே உள்ள அச்சும் ஒன்றே எனக் கொள்வதற்கில்லை.

மொறிஸ் மைனரில் 803 கன சென்றிமீற்றர் இயந்திரத்துடன் வந்த அச்சின் விகிதம் 5.375 வரை இருந்தது. அதாவது பினியனில் 8 பற்கள், கிறவுண்வீலில் 43. 1956இல் வந்த 948 இயந்திரத்துடன் 9க்கு 41 எனும் 4.55 வந்தது. 1962இன் 1098 இயந்திரத்துடன் 9க்கு 38 எனும் 4.22 வந்தது. 4.22 அச்சுக்கு இசைந்த வேகமானியுடைய வண்டியில் 5.375 அச்சைப் பூட்டினால், மானி 50 மைல் காட்டும்போது வண்டி ஓடுவது ஏறத்தாழ 39 மைல் வேகமே. இயந்திரமோ ஓய்வின்றி அலறும்.

அச்சைத் திறவாமலே இதனை அறியலாம். சமதரையில் வண்டியை நிறுத்தி, முன்சில்லுகளுக்கும் நிலத்தில் நிற்கும் பின்சில்லுக்கும் கட்டை வைத்து, மற்றப் பின்சில்லை ஜக்கினால் உயர்த்தி, அச்சின் கீழ் உறுதியான தாங்கியும் வைக்க வேண்டும். கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, கைத்தடையைத் தளர்த்தி, உயர்த்திய சில்லை இருமுறை முழுமையாகச் சுற்ற வேண்டும். இயந்திரத்திலிருந்து பின்னச்சுக்கு வரும் நீண்ட தண்டிலே சுண்ணக்கோடொன்றிட்டு, அது எத்தனை முறை சுழல்கின்றது என எண்ணுதல் வேண்டும். நாலேகாலுக்குச் சற்றுக் குறைந்தால் 4.22, நாலரையைச் சற்றே தாண்டினால் 4.55, ஐந்தும் மூன்றிலொன்றும் கடந்தால் 5.375. ஒரு சுற்றுக்கு மாறாக இரு சுற்று எதற்கு என்று கேட்கலாம். மறுசில்லு நிலத்தில் அசையாதிருப்பதால், டிபரன்சியல் அச்சுழற்சியிற் பாதியையே கிறவுண்வீலுக்குக் கொடுக்கின்றது.

இனி, பற்களின் வகை. பழைய கார்களில் பினியன், கிறவுண்வீலின் நடுக்கோட்டுக்கு நேரே நின்றது. 1920களின் நடுவில் அமெரிக்காவின் கிளீசன் நிறுவனம் ஹைபொயிட் எனும் அமைப்பைக் கொணர்ந்தது. அதிலே பினியன் நடுவிலிருந்து தாழ்ந்து நிற்கும். தண்டும் தாழ்வதால் காரின் தளத்தையும் தாழ்த்த முடிந்தது. ஆனால் பற்கள் ஒன்றன்மேலொன்று வழுக்கி உராய்வதால் மிகுந்த அழுத்தம் தாங்கும் எண்ணெய் அதற்கு இன்றியமையாதது.

பீஜோ 203, 403, 404 ஆகிய பிரெஞ்சுக் கார்களிலே பினியனே இல்லை. திருகுபோற் புரியிட்ட உருக்குத் தண்டு வெண்கலப் பற்சில்லைச் சுழற்றும். சுழலும் தண்டு தடித்த குழாயொன்றினுள் மறைந்திருப்பதால், சுண்ணக்கோட்டு முறை இங்கே பயன்படாது, அக்குழாயே அடையாளம். ஹைபொயிட் அச்சுக்குரிய எண்ணெயின் சில சேர்மங்கள் வெண்கலத்தை அரிக்க வல்லவை. மைனருக்கு ஊற்றிய அதே போத்தலைப் பீஜோவுக்கும் சாய்ப்பவர், நல்ல அச்சொன்றை மெல்ல மெல்லத் தின்னக் கொடுக்கின்றார். அச்சின் அடி அடைப்பைத் திறக்கும்போது வடியும் எண்ணெயில் வெண்கலத் தூள் மின்னுமாயின், அழிவு தொடங்கிவிட்டது. எண்ணெய் பாலைப்போல் வெளுத்து வந்தால், நீர் உட்புகுந்துள்ளது. வெள்ளம் தேங்கிய வீதிகளைக் கடந்து ஓடும் வண்டிகளில் இதனை முதலிற் பார்ப்பது நன்று.