திருத்தும் காரணி: எலிசபெத் நியூஃபெல்டின் ஆய்வும் மலைநாட்டுக் குடும்பங்களும்

1. பொருள்

கலத்துக்குள் பழுதான மூலக்கூறுகளை உடைத்துத் தீர்க்கும் புன்னங்கம் இலைசோசோம். கிறிஸ்தியன் டி டுவே 1955இல் அதை இனங்கண்டார். அதன் நொதியங்களுள் ஒன்று இல்லாதுபோனாலும் உடையாத பொருள் தேங்கி, பரம்பரை நோயாகிறது. ஹேளர் நோயுடன் பிறக்கும் பிள்ளையிடம் முதலில் குறை தெரியாது. போகப்போக முகம் தடிக்கும், ஈரலும் மண்ணீரலும் பெருத்து வயிறு புடைக்கும், மூட்டுகள் இறுகும், பழகிய சொற்களும் மறையும். இந்நோயின் வேரைக் காட்டியவர் நியூஃபெல்ட். அவருடைய ஆய்வு இலங்கை மலைநாட்டின் மடவளை போன்ற ஊருக்கு என்ன தருகிறது என்பதே இங்கு வினா.

2. ஆய்வு வாழ்வு

2.1 தொடக்கம்

நியூஃபெல்ட் 1928இல் பாரிஸில் பிறந்து, 1940இல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். பேர்க்லியில் 1956இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அங்கு தாவரங்களின் வெல்லச் சேர்வைகளை ஆராய்ந்த அறிவே பின்னர் மனித நோய்க்கு உதவியது.

2.2 1968ஆம் ஆண்டுப் பரிசோதனை

நியூஃபெல்டும் உடனாய்வாளரும் ஹேளர் நோயாளர், அதைப் போன்ற ஹன்டர் நோயாளர் ஆகியோரின் தோற்கலங்களை வளர்த்து, கதிர்த்தொழிற்பாடுள்ள சல்பேற்றை ஊட்டினர். சுகமான கலங்களில் சல்பேற்று கொண்ட பொருளின் சேர்க்கை ஓரளவில் நின்றது. நோய்க்கலங்களில் ஏறிக்கொண்டே போனது. அளவுக்கு மீறி உற்பத்தியானதால் அன்று, உடைக்க முடியாததால் தேங்கியது என்று அறிந்தனர். இருவகை நோய்க்கலங்களையும் ஒன்றாக வளர்த்தபோது இரண்டும் திருந்தின. ஒன்றின் வளர்ப்பூடகத்தை மற்றதற்கு ஊற்றினாலே போதுமாயிற்று. ஒவ்வொன்றும் மற்றதில் இல்லாத ‘திருத்தும் காரணி’யை வெளியிட்டது. ஹேளர் கலத்தைத் திருத்தியது ஐடுரோனிடேசு நொதியம் என்பது 1972இல் உறுதியானது.

2.3 பயன்

கலம் வெளியிலிருந்து நொதியத்தை ஏற்குமெனில் அதை மருந்தாகவும் ஏற்றலாம். 2003இல் அந்நொதியத்தின் மருந்துருவான லரோனிடேசு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆயினும் அது வாரந்தோறும் நாளத்தில் ஏற்றவேண்டிய, விலைமிக்க மருந்து; குருதியிலிருந்து மூளைக்குள் புகாது. ஆகவே நோயறிதலின் பயனை மருந்தை மட்டும் வைத்து அளப்பது தவறு.

3. மலைநாட்டில் இதன் பொருள்

3.1 மரபுவழி

ஹேளர் நோயில் தாய், தந்தை இருவரும் பழுதான பரம்பரையலகைச் சுமந்தும் சுகமாயிருக்கும் காவிகள். ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. மாமா மகளும் மாமி மகனும் மணக்கும்போது, பொதுவான பாட்டன் பாட்டியின் ஒரே பழுது இருபுறமும் இறங்கியிருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. ஹன்டர் நோயோ பெரும்பாலும் காவியான தாய்வழி ஆண்பிள்ளைக்கு வருகிறது. அதற்குச் சொந்தத் திருமணம் காரணமன்று. எனவே நொதியத்தின் பெயர் தெரியாமல் குடும்பத்துக்குச் சரியான ஆலோசனை கூற முடியாது.

3.2 காலம்

இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. கருவுற்றபின் அறிவதால் இங்கு தெரிவுகள் விரிவதில்லை. ஆதலால் அறிவு கருவுறுதலுக்கு முன்னரே, இயலுமாயின் திருமணத்துக்கும் முன்னரே வரவேண்டும். தலசீமியாவுக்குத் திருமணத்துக்கு முன் குருதிப் பரிசோதனை வேண்டும் என்ற கருத்து நாட்டில் ஏற்கெனவே பரவியுள்ளது. இந்த அரிய நோய்களுக்கு எல்லோரையும் சோதிக்கத் தேவையில்லை. நோய் உறுதியான பிள்ளையின் பரம்பரையலகுப் பழுதை அறிந்தால், சித்தப்பா, மாமி, அவர்கள் பிள்ளைகள் என்று அந்தச் சொந்தத்துக்குள் தேடினால் போதும்.

4. முடிவு

பிள்ளையை முற்றாகக் குணப்படுத்த வழியில்லாதபோது பரிசோதனை எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. ஆனால் பிள்ளையின் ஒரு குருதி மாதிரி சொந்தத்தில் இனிப் பிறக்கவுள்ள பிள்ளைகளுக்குக் காவல். தாயின் மீது சுமத்தப்படும் வீண்பழிக்கு மறுப்பு. மத்திய மாகாணத்தின் சிறுவர் மருத்துவரும் ஊர்ப் பெரியவர்களும் இதனை எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.