நான்கு வல்லூறுகளும் ஒரு பயிற்சிப் பள்ளியும்

1974இல் மொரீசியஸ் தீவின் காடுகளில் எஞ்சியிருந்தனவாக அறியப்பட்ட மொரீசியஸ் வல்லூறுகள் நான்கே. தீவு மக்கள் அதற்கு இட்டிருந்த பெயரின் பொருள் ‘கோழிதின்னி’. உண்மையில் அதன் முதன்மை இரை மரப்பல்லி. பெயர் சுமத்திய பழி அதற்குப் பகைவரைத் தேடித்தந்தது. அதனினும் பெரிய காரணங்கள் மூன்று: காடழிப்பு, வெளியிலிருந்து வந்த குரங்கு, எலி, கீரி ஆகியவை, மலேரியா ஒழிப்புக்கும் வேளாண்மைக்கும் தெளிக்கப்பட்ட டி.டி.டி.

இந்தியாவின் ஜாம்ஷெட்பூரில் 1925இல் பிறந்த ஜெரால்ட் டர்ரெல், ஜெர்சித் தீவில் 1959இல் ஒரு விலங்ககத்தையும் 1963இல் ஓர் அறக்கட்டளையையும் தொடங்கினார். அதன் சின்னம் மொரீசியஸில் அழிந்துபோன டோடோ. அருகிவரும் உயிரினங்களை ஐரோப்பியக் கூண்டுகளில் பெருக்குவது மட்டும் போதாது, அவற்றின் தாயகத்து மக்களே அக்கலையைக் கற்க வேண்டும் என்ற எண்ணம் 1970களில் அங்கே செயல்வடிவம் பெற்றது. முதல் பயிற்சியாளராக வந்தவர் மொரீசியஸைச் சேர்ந்த யூசுஃப் முங்க்ரூ.

இவ்வேற்பாட்டை ஐயத்துடன் நோக்க இடமுண்டு. காலனியக் காலத்தில் தீவுகளின் உயிரினங்கள் பாடம்செய்யப்பட்டு ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்குச் சென்றன. 1968இல் விடுதலை பெற்ற நாட்டின் இளைஞர், தம் நாட்டுப் பறவையைக் காக்கும் கலையை ஐரோப்பாவுக்குச் சென்றே கற்க நேர்ந்தது அதன் தொடர்ச்சி அன்றோ? ஓரளவுக்கு ஆம். ஆனால் இங்கு அறிவு திரும்பி வந்தது. வந்த இடத்தில் அதற்கு ஒரு பதவியும் காத்திருந்தது. முங்க்ரூ பின்னாளில் மொரீசியஸ் தேசியப் பூங்காக்கள், பாதுகாப்புப் பணித்துறையின் முதல் இயக்குநரானார். நாட்டின் முதல் தேசியப் பூங்காவான பிளாக் ரிவர் கார்ஜஸ் 1994இல் அறிவிக்கப்பட்டது. ஊதியமும் சட்ட அதிகாரமும் இல்லையேல் பயிற்சி சான்றிதழோடு நின்றுவிடும்.

உள்ளூரார் மட்டுமே பறவையை மீட்டனர் என்பதும் பிழை. 1979இல் வந்த வேல்ஸ் நாட்டு உயிரியலாளர் கார்ல் ஜோன்ஸ், திட்டத்தை முடித்துவைக்க அனுப்பப்பட்டவர், முடிக்காமல் தங்கிவிட்டார். முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துச் செயற்கையாகப் பொரிக்கவைத்தால் தாய்ப்பறவை மீண்டும் முட்டையிடும். காட்டில் கூடுதல் உணவும் கூட்டுப்பெட்டியும் அளித்தால் குஞ்சுகள் பிழைக்கும். முறை எளிது, ஆனால் நாள்தோறும் பாறையேறிக் கூடுகளைக் கண்காணிக்க ஆள் வேண்டும். 1984இல் தோன்றிய மொரீசியஸ் வனவிலங்கு அறக்கட்டளையும் அரசுத் துறையும் அந்த உழைப்புக்கு நிலையான இடம் தந்தன. 1990களில் வல்லூறுகள் நூற்றுக்கணக்காயின. 1994இல் அவற்றின் ஆபத்துநிலை தளர்த்தப்பட்டது. இளஞ்சிவப்புப் புறாவும் எக்கோ கிளியும் அவ்வாறே மீண்டன.

கதை அத்துடன் முடியவில்லை. வல்லூறுகளின் எண்ணிக்கை மீண்டும் சரிந்ததால் 2014இல் அவை மறுபடி அருகிவரும் இனமாகப் பட்டியலிடப்பட்டன. ஓர் இனத்தை மீட்பது ஒருமுறை செய்து முடிக்கும் பணி அன்று. தலைமுறை தோறும் தொடர வேண்டிய காவல். வெளிநாட்டு வல்லுநரின் ஒப்பந்தத்துக்கும் நிதியுதவிக்கும் முடிவுநாள் உண்டு. காட்டுக்கருகே வாழ்ந்து, கோழிதின்னி கோழி தின்பதில்லை என்று அண்டை வீட்டாரிடம் அவர் மொழியிலேயே சொல்லக்கூடியவருக்கு அத்தகைய முடிவுநாள் இல்லை. உயிரினப் பாதுகாப்பின் வரலாற்றை எழுதுவோர் மீண்ட பறவைகளின் எண்ணிக்கையோடு, பயிற்சி பெற்றுத் திரும்பியோருக்கு அவர்தம் நாடுகள் என்ன இடம் அளித்தன என்பதையும் கணக்கிட வேண்டும்.